ஏழு எம்எல்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊருக்கு வெளியே விசைத்தறிக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும் அந்தத் தெருவில் கோவர்த்தனனுக்கு டாக்டர் என்று பெயர். எந்தக் கல்லூரியும் கொடுத்ததில்லை, தெரு கொடுத்தது. திருப்பதியில் ஒரு கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்தேன் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் சொன்னார், தெரு நம்பியது. தறி தடதடக்கிற இடத்தில் ஒருவன் உரக்கச் சொன்னதை நம்பிவிடுவதுதான் சுலபம். திருப்பிக் கேட்பதற்குத் தொண்டை வேண்டும்.

அவரும் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் இருக்கும். யாருக்கு இருமல் என்றாலும் நாக்கை நீட்டச் சொல்லி, ஸ்பூனால் அழுத்திப் பார்த்து, "ம்" என்பார். அந்த "ம்" வைத்தியத்தில் பாதி. மீதிப் பாதி, சுடுதண்ணீர். இதுவரை அந்த வைத்தியத்தில் யாரும் கெட்டுப்போகவில்லை என்பதைத் தன் திறமைக்குச் சான்றாக வைத்திருந்தார். அவருடைய இரண்டு மகன்களும் சென்னையில் இருந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால், விட்ட பிறகுதான் போனில் சொல்வார்கள். "உனுக்கு எதுக்கு வீண் கவலைன்னுதான்" என்பார்கள். அதை அவர் பாசம் என்று எடுத்துக்கொண்டார். அவர் மனைவி மணியம்மா, "புத்திசாலிப் பசங்க" என்று மட்டும் சொல்வாள்.

ஆனால் யாமினி அவரை நம்பினாள். அதே வீட்டில் இருக்கும் தம்பி பழனியின் மகள். பத்து வயது, இருபத்தெட்டு கிலோ, ஐந்தாம் வகுப்பு, தெலுங்கு மீடியம். அப்பா அவளுக்கு நைனா, பெரியப்பா பெரிநைனா. பள்ளிக்கூடத்தில் பெரியவள் ஆனதும் என்ன ஆவாய் என்று கேட்டதற்கு, "எங்க பெரிநைனா மாதிரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தவள். அதைக் கேட்ட அன்றைக்குக் கோவர்த்தனன் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக்கூட கவனிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. யாமினிக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அம்மா தேன்மொழி, புத்தூரில் பிள்ளைகள் டாக்டர் பிரமிளாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். கோவர்த்தனனைக் கேட்கவில்லை. டாக்டர் எடை பார்த்து, காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்தார். ஆரஞ்சு வாசனை அடிக்கிற அறுபது எம்எல் பாட்டில். ஒரு வேளைக்கு ஏழு எம்எல். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம். காய்ச்சல் இருந்தால் மட்டும். நாளுக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது.

தேன்மொழி ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். செல்போனுக்குள்ளே போகிற ஏதோ ஒரு சின்னத் தகட்டை நாளெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை. அளவு தவறினால் அன்றைக்கே சூப்பர்வைசர் மேஜைக்கு வந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு மகளுக்கு ஒரு வேளை கொடுத்தாள். விடிகாலை நாலு மணிக்கு ஒரு வேளை கொடுத்தாள். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது புருஷனை உலுக்கினாள்.

"இன்னா, காதுல வாங்கிக்கோ. பத்து மணிக்கு ஏழு எம்எல். பாட்டில் மேல ஒரு சின்ன கப்பு கவுத்திருக்குது பாரு, அதுல கோடு போட்டுக்குது. அதுக்கப்பறம் நாலு மணிக்குத்தான். நடுவுல காச்சல் வந்தா ஈரத்துணி போட்டு எனுக்கு மெசேஜ் வை."

"சரி சரி."

"இன்னா சொன்னேன்?"

"பத்துக்கு ஏழு."

"மாமாகிட்ட குடுத்துடாத." புருஷனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் சொல்வாள்.

பழனி அரைத்தூக்கத்தில் "சரி" என்றான். எதற்குச் சரி என்றான் என்பது பிறகு பெரிய விசாரணை ஆயிற்று.

அந்த வீட்டில் கடிகாரம் உண்டு. ஆனால் யாரும் அதைப் பார்த்து எழுந்திருப்பதில்லை, சாப்பிடுவதில்லை. கரண்ட் இருந்தால் தறி. கரண்ட் போனால் மற்றதெல்லாம். பின்கட்டுக் கொட்டகையில் பழனி நாலு தறி ஓட்டுவான். முன்கூடத்து மூலையில் கோவர்த்தனன் தார் சுற்றும் மிஷினில் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிக் கொடுப்பார். மிஷின் ஓடும்போது அம்மாவே செத்தாலும் செய்தி கையசைவில்தான் வரும். கரண்ட் போன அடுத்த நிமிஷம் தெருவே உயிர்பெறும். குளிக்கிறவன் குளிப்பான், டீ குடிக்கிறவன் குடிப்பான், பொண்டாட்டியிடம் சண்டை பாக்கி வைத்திருக்கிறவன் அதைத் தீர்ப்பான். மழை நாளில் மரக்கிளை கம்பியில் விழுவதும், லைன்மேன் வருவதும், கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும்.

அன்றைக்கு முதல் தடவை ஒன்பதரைக்குப் போயிற்று. பழனி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மகள் நெற்றியில் கை வைத்தான். கொதித்தது. பத்துக்கு அரைமணிதானே என்று கப்பில் கோடு பார்த்து ஏழு எம்எல் கொடுத்தான். கப்பைக் கழுவ எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகும்போது கரண்ட் வந்துவிட்டது. மூன்றாம் நம்பர் தறி காய்ந்து கத்தியது. கையில் இருந்த கப்பிலேயே எண்ணெய் பிடித்துத் தறிக்கு ஊற்றினான். அளவு கச்சிதமாக இருந்தது. கப்பு அங்கேயே தங்கிவிட்டது.

இரண்டாம் தடவை பதினோரு மணிக்குப் போயிற்று. பழனி குளிக்கப் போயிருக்க, இப்போது கோவர்த்தனன் எழுந்து போய் நெற்றியில் கை வைத்தார். சூடு குறைந்திருந்தது. ஆனால் குறைந்த சூட்டைக் கண்டு திருப்திப்படுகிறவர் டாக்டர் இல்லை.

"இன்னாடா கண்ணு, ஒடம்பு எப்டிக்குது?"

"வலிக்குது பெரிநைனா. கால் எல்லாம்."

"மருந்து குடுக்கட்டா?"

"இப்பத்தான் நைனா குடுத்தாரு. அம்மா நாலு மணிக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிச்சாம்."

கோவர்த்தனன் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லேபிளில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து இருந்தது. அதைப் படித்தவர் போலத் தலையாட்டினார்.

"ஏழு எம்எல் கைக்கொழந்தைக்குக் குடுக்கறதுடா. நீ பெரிய பொண்ணு. உங்கம்மா டப்பா கம்பெனிக்காரி, அவளுக்கு இன்னா தெரியும்? பெரியவங்க பாதி, சின்னவங்க பாதி, நடுவுல ஒரு கணக்குக்கீது. அத்த திருப்பதியில பெரிய டாக்டருங்ககிட்ட கத்துக்கினவன் நானு. வாய தொற."

யாமினி திறந்தாள். கப்பைத் தேடினார், காணோம். சட்டைப்பை ஸ்பூனை எடுத்து வேட்டி நுனியில் துடைத்து, வழிய வழிய இரண்டு ஸ்பூன் ஊற்றினார். ஆரஞ்சு இனிப்பு. அவள் ஸ்பூனை நக்கினாள். அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

மூன்றாம் தடவை ஒரு மணிக்குப் போயிற்று. சோறு தின்னும் நேரம், பழனி மட்டும் அறுந்த நூலை முடிந்துகொண்டு பின்கட்டிலேயே இருந்தான். மணியம்மா மிளகு ரசம் கரைத்த சோற்றை ஊட்டப் பார்த்தாள். பிள்ளை இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. கோவர்த்தனன் அதைப் பார்த்து, "வேகம் பத்தல" என்று தீர்ப்புச் சொல்லி இன்னும் இரண்டு ஸ்பூன் கொடுத்தார். "நீ ஒருத்தன் போதும்யா ஊரைக் காலி பண்ண" என்று மணியம்மா சொன்னது வழக்கமான வசனம் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மணிக்கு நாலாம் தடவை. பழனி உள்ளே வந்தபோது யாமினி பாயில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறி வியர்த்திருந்தது. அவன் பாட்டிலைத் தூக்கினான்.

"இன்னாண்ணா இது? காலியா கீது?"

கோவர்த்தனன் நூலைப் பார்த்துக்கொண்டே, "குடுத்தேன்" என்றார்.

"நேத்து சாயங்காலம் ஒடச்ச பாட்டில்ணா! எவ்ளோ குடுத்தே?"

"அளவாத்தான்."

பழனிக்குப் படிப்பு எட்டோடு சரி. ஆனால் அறுபதில் மூன்று ஏழு போனால் என்ன மிச்சம் என்பதற்கு எட்டு போதும். மகளை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். எதிர்வீட்டு நாகபூஷணம் ஆட்டோவுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏமய்யிந்தி பழனி?" என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டான்.

"மருந்து ஜாஸ்தியா பூட்ச்சுடா. புத்தூருக்கு வுடு, ஜல்தி!"

நாகபூஷணம் பின்னாலேயே ஓடிவந்த கோவர்த்தனனைப் பார்த்தான். "டாக்டர் இங்கதானே கீறாரு?" என்றான், கிண்டல் இல்லாமல். உண்மையாகவே கேட்டான். அதுதான் கோவர்த்தனனுக்கு முதல் அடி.

ஆட்டோவில் யாமினி அவர் மடியில்தான் தலை வைத்துப் படுத்தாள். வெளியே மழை. பழனி கையில் காலி பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிற புத்தி அவனுக்கு அந்தப் பதற்றத்திலும் இருந்தது. கோவர்த்தனன் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாலு ஸ்பூன். நாலு ஸ்பூன் என்றால் இருபது எம்எல்தானே? அப்படியானால் ஏன் பாட்டில் காலி? கணக்கு உதைத்தது. புத்தூர் வருவதற்குள் அவர் மனசு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. மனசு இந்த மாதிரி வேலைகளில் படு சுறுசுறுப்பு.

டாக்டர் பிரமிளாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திருப்பதிப் பெண். தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். யாமினியின் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

"யார் யார் குடுத்தீங்க? செப்பண்டி, ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

பழனி தேன்மொழியின் இரண்டு வேளையையும் தன்னுடைய ஒன்றையும் சொன்னான்.

"இருபத்தொண்ணு. மீதி?"

பழனி வாயைத் திறக்குமுன் கோவர்த்தனன் முன்னால் வந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். குரல் தானாகவே பழைய சுருதிக்குப் போயிற்று.

"நான் ஒரே ஒரு ஸ்பூன் குடுத்தேம்மா. அஞ்சு எம்எல். பாட்டில் கை தவறி வுழுந்துட்ச்சு, மீதி கொட்டிப்போச்சு. நான் திருப்பதியில கம்பவுண்டரா இருந்தவன். அளவு தப்பாது."

"ஓ, கம்பவுண்டரா?" டாக்டரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பேனாவை எடுத்தார். "அப்ப இருபத்தாறு. இந்தப் பொண்ணுக்கு ஒரு நாள் எல்லை இருபத்தெட்டு. இடைவெளிதான் கம்மி, ஆனா பயம் இல்லை. சளி மருந்து, இருமல் மருந்து ஏதாச்சும்? அதிலயும் இதே சரக்கு இருக்கும்."

"இல்லம்மா. குடுக்கலாம்னு எடுத்து வச்சிருந்தேன்."

டாக்டர் யாமினி பக்கம் திரும்பினார். "பாட்டில் கொட்டுச்சாம்மா?"

யாமினி பெரிநைனாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. ஒரு மூச்சு நேரம். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"ஆமா ஆன்ட்டி. கொட்டிட்ச்சு. பாயெல்லாம்."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். "வாந்திக்கு ஓஆர்எஸ் எழுதறேன். வீட்டுக்குப் போலாம்."

கோவர்த்தனன் ஜெயித்துவிட்டார். அவர் விரும்பியது அத்தனையும் நடந்துவிட்டது. பேனா ஓடிக்கொண்டிருந்தது. யாமினியோ கட்டிலில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், சரியாகச் சொன்னேனா என்பது போல.

"எழுதாதம்மா" என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"கொட்டல. ஒரு சொட்டு கொட்டல. எல்லாம் அவ வயித்துலதான் கீது." "புள்ள சொல்லிச்சும்மா, இப்பத்தான் நைனா குடுத்தாருன்னு. நான்தான் அது கைக்கொழந்தைக்கு அளவுன்னு… நான் கம்பவுண்டரே இல்லம்மா. டோக்கன் கூப்புடறவன். கதவுகிட்ட நின்னுக்கினு நம்பர் பன்னெண்டு, நம்பர் பதிமூணுன்னு கத்துவேன். பதினோரு மாசம். அப்பறம் அந்த வேலையும்…"

முப்பது வருஷம் பூட்டி வைத்திருந்ததைத் திறந்து கொட்டியாயிற்று. ஒரு பெரிய மௌனம் விழும் என்று எதிர்பார்த்தார். டாக்டர் அந்த முப்பது வருஷத்தைக் கையால் ஈ ஓட்டுகிற மாதிரி ஓட்டிவிட்டார்.

"அதெல்லாம் அப்பறம். எத்தனை ஸ்பூன்? எப்ப?"

"பதினோரு மணிக்கு ரெண்டு. ஒரு மணிக்கு ரெண்டு."

"எந்த ஸ்பூன்?"

சட்டைப்பையில் இருந்து எடுத்து நீட்டினார். டாக்டர் ஒரு சிரிஞ்சில் தண்ணீர் பிடித்து ஸ்பூனில் விட்டார். ஐந்து எம்எல் முடிந்தது. ஸ்பூன் பாதிதான் நிரம்பியது. மறுபடி ஐந்து. அப்போதுதான் விளிம்பைத் தொட்டது. கோவர்த்தனன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு பத்து எம்எல். நாலு ஸ்பூன் நாப்பது. பாட்டில் கணக்கு சரியா வருது. அறுபதும் போயிருக்குது, எல்லைக்கு ரெண்டு பங்குக்கு மேல." அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார். "பாருங்க, இந்த மருந்து ஜாஸ்தியானா ஈரலைத் தொடும். முதல் நாள் ஒண்ணுமே தெரியாது. பொண்ணு எழுந்து விளையாடும். அதுதான் இதுல மோசம். நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பீங்க. திருப்பதிக்கு எழுதறேன். கடைசி வேளை ஒரு மணிக்கு, அஞ்சு மணிக்கு ரத்தம் எடுக்கணும். தேவைப்பட்டா அதுக்கு முறிவு மருந்து இருக்குது. சீக்கிரம் வந்துட்டீங்க, அது நல்லது. போங்க."

திருப்பதிக்குப் போகிற ஆம்புலன்ஸ் வடமாலபேட்டையைத் தாண்டியது. பிறகு பழனி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணா. அவளே சொல்லியும் குடுத்தியா?"

"ஆமாண்டா."

"ம்" என்றான் பழனி. அந்த "ம்" வைத்தியத்துக்கு ஆனதல்ல.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். அந்த வார்டில் நர்ஸ், டாக்டர், எடைபோடுகிறவர் என்று மூன்று பேர் வந்து மூன்று தடவை "என்ன ஆச்சு" என்று கேட்டார்கள். மூன்று தடவையும் கோவர்த்தனனே சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது ஒரு வார்த்தைகூட அலங்காரம் இல்லை. ஸ்பூன் பத்து எம்எல், நாலு ஸ்பூன், பதினொண்ணு, ஒண்ணு. அவர் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

ஏழு மணிக்குத் தேன்மொழி வந்தாள். கம்பெனி நீலச்சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மழையில் நனைந்து. உள்ளே வேலை நேரத்தில் போன் கிடையாது; ஷிப்டு முடிந்து லாக்கரைத் திறந்தபோது பதினெட்டு மிஸ்டு கால். மகள் நெற்றியைத் தொட்டாள், கையைப் பிடித்தாள். பழனியிடம், "நான் போவும்போது இன்னா சொன்னேன்?" என்றாள். பழனி தலை குனிந்தான். மாமனை அவள் பார்க்கவே இல்லை. கோவர்த்தனன் திட்டு வாங்கத் தயாராக நின்றார். கிடைக்கவில்லை. வராந்தாவில் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

முதல் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறியிருந்தது, முறிவு மருந்து தேவைப்படுகிற அளவுக்கு இல்லை. ஆனாலும் ஈரலை மறுநாள் மறுபடி பார்க்காமல் விடமாட்டோம் என்றார்கள். அந்த நடுவில் இருந்த மணிகளைக் கோவர்த்தனன் எப்படித் தள்ளினார் என்பது அவருக்கே தெரியாது. ஊரில் இருந்து வந்து சேர்ந்திருந்த மணியம்மா பன்னும் டீயும் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாள்.

"துன்னு."

"எறங்கல."

"நீ பட்டினி கெடந்தா அதுக்கு ஈரல் சரியாப்பூடுமா? இதுவும் உன் வைத்தியமா? துன்னுய்யா."

தின்றார். அவள் முந்தானையால் அவர் மேல்சட்டையில் விழுந்த பன் துகளைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் இரண்டாவது ரத்தத்தின் முடிவும் வந்தது. ஈரல் சரியாக இருந்தது. பழனி அழுதுவிட்டான். யாமினி இட்லி கேட்டாள். சாயங்காலம் காய்ச்சல் மறுபடி தலைகாட்டியது. டாக்டர் வந்து பார்த்து, பழைய மருந்து உடம்பைவிட்டுப் போயிருக்கும், இனிமேல் அதையே கொடுக்கலாம் என்றார். ஏழு எம்எல், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், கொடுத்ததும் நேரத்தை எழுதிவைக்க வேண்டும், ஒரே ஆள் பொறுப்பெடுக்க வேண்டும். நர்ஸ் புது பாட்டிலும், ஊசி இல்லாத வாய்மருந்துச் சிரிஞ்சு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனாள்.

தேன்மொழி இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு வராந்தாவுக்கு வந்தாள்.

"மாமா. உள்ள வாங்க."

வந்தார்.

"எனுக்கு நாளன்னிக்கு ஷிப்டு. லீவு அவ்ளோதான். அவுரு தறியை வுட்டு வரமாட்டாரு. ஊட்ல உக்காந்துக்கினு இருக்கறது நீங்கதான். எப்படியும் புள்ள உங்ககிட்டதான் கேக்கப் போவுது." பாட்டிலையும் சிரிஞ்சையும் அவர் கையில் வைத்தாள். "இப்ப என் எதிருல குடுங்க. பாத்துக்கினு இருக்கேன்."

அதற்குப் பதில் அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கோவர்த்தனன் கட்டிலில் உட்கார்ந்தார். மூடியைத் திறந்து சிரிஞ்சை உள்ளே விட்டார். சிரிஞ்சைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார், தூரமாகக் கொண்டுபோனார், விளக்குப் பக்கம் திருப்பினார். தேன்மொழி காத்திருந்தாள்.

"எனுக்குக் கோடு தெரியலம்மா" என்றார். "ரொம்ப நாளா தெரியல. லேபிளும் தெரியல. யாரண்டயும் சொல்லல."

மணியம்மா எழுந்து இன்னொரு விளக்கையும் போட்டாள்.

யாமினி தலையணையில் இருந்து எழுந்து உட்கார்ந்தாள். சிரிஞ்சோடு சேர்த்து அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மூக்குக்கு நேரே இழுத்தாள்.

"நான் சொல்றேன் பெரிநைனா. இழு. மெதுவா. மூணு. நாலு… நில்லு, உள்ள காத்து வந்துட்ச்சு, தள்ளிட்டு மறுபடியும் இழு. அஞ்சு. ஆறு. இன்னும் கொஞ்சம். ஐயோ, தாண்டிட்டே. திருப்பி வுடு. அவ்ளோ இல்ல! ம். இப்ப சரி."

"சரியாம்மா?" என்று அவர் தேன்மொழியைக் கேட்டார்.

தேன்மொழி குனிந்து, கம்பெனியில் தகடு பார்க்கிற கண்ணால் பார்த்தாள். "சரி."

யாமினி வாய் திறந்தாள். கன்னத்துப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். முழுங்கினாள்.

"இன்னும் ஒண்ணு" என்றாள், உதட்டை நக்கிக்கொண்டு.

"செருப்பு பிஞ்சிடும்" என்றார் கோவர்த்தனன். பேனாவை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முட்கள் அவருக்கு நன்றாகவே தெரிந்தன. ஏழே கால். இருந்தாலும் பக்கத்துக் கட்டில்காரர் பக்கம் திரும்பி, மணி என்ன என்று ஒரு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் எழுதினார்.